காசில் இருப்பது அச்சுப் பிழையா, அடிபட்ட தழும்பா?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் எல்லோரும் ஒரே மாதிரிதான். கல்யாண போட்டோக்களை காப்பி செய்வோம், வால்பேப்பர் மாற்றுவோம், நாலு பாட்டு இறக்குவோம். இரண்டாவது மாதம் தேடுபொறியில் எதையாவது தட்டிப் பார்க்க ஆரம்பிப்போம். எங்கள் குமாரபாளையத்தில் அப்படித் தட்டப்படுகிற விஷயங்களில் ஒன்று பழைய காசு. "இந்த ஐந்து ரூபாய் உங்களிடம் இருக்கிறதா? பத்து லட்சம் கிடைக்கும்" என்று திரையில் ஒரு வரி ஓடினால் போதும். அஞ்சறைப் பெட்டி, சாமி உண்டியல், பேரனின் மண் உண்டியல் எல்லாம் கவிழ்க்கப்பட்டுவிடும்.

கவிழ்த்த காசில் ஏதாவது ஒன்று வித்தியாசமாக இருக்கத்தான் செய்யும். விளிம்பில் கடித்தது போல ஒரு குறை, சிங்கத்தின் தலை மேல் ஒரு கோடு, எழுத்து இரண்டாகத் தெரிவது என்று ஏதாவது. உடனே "எரர் காயின்" என்று முடிவு கட்டி விலை தேடுகிறோம். என் கருத்து என்னவென்றால், விலை தேடுவது கடைசி வேலை. இந்தக் குறை நாணயச்சாலைக்குள் ஏற்பட்டதா, வெளியே வந்த பிறகு ஏற்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே ஏற்பட்டிருந்தால் அது பிழை, சேகரிப்பவர்கள் விரும்புவார்கள். வெளியே ஏற்பட்டிருந்தால் அது சேதம். கடைக்காரரிடம் கொடுத்து மிட்டாய் வாங்கலாம். நீங்கள் புதிதாக வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்லும். ஆனால் அதற்கு அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை, விலைப் பட்டியல் பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

காசு எப்படிப் பிறக்கிறது?

இது தெரியாமல் பிழை பார்க்க முடியாது. பூரிக்கு மாவைத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாணயச்சாலையிலும் முதல் வேலை அதுதான். நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அந்த வில்லைகளைச் சூடாக்கி மென்மையாக்குவார்கள். பிறகு ஓரத்தை நெருக்கி லேசாக மேடாக்குவார்கள். கடைசியில் மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுற்றிலும் ஒரு இரும்பு வளையம். நடுவில் வில்லையை வைத்து ஒரே அடி. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். வளையம் உலோகம் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்ளும்.

நம் நாட்டில் இந்த வேலை மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நடக்கிறது. ஆண்டு எண்ணுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. "என் காசில் மட்டும் அடையாளமே விடுபட்டிருக்கிறது, பிழைதானே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. 1985-ம் ஆண்டு ஒரு ரூபாய் சிலவற்றில் ஆங்கில "எச்" எழுத்து இருக்கும். அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்து வரவழைத்தது. 2000-ஐ ஒட்டிய சில காசுகளில் ரஷ்ய எழுத்துகள் தெரிந்தால், அவை மாஸ்கோவில் அடித்தவை. இவை எல்லாம் வகைகள். பிழைகள் அல்ல.

இனி பூரிக்கு வருவோம். மூடியை ஏற்கெனவே வெட்டிய ஓட்டை மேல் கொஞ்சம் ஏறும்படி வைத்து அழுத்தினால் என்ன கிடைக்கும்? பிறை போல ஒரு பக்கம் குறைந்த பூரி. நாணயச்சாலையிலும் தகடு சரியாக நகராவிட்டால் பிறை வெட்டு விழுந்த வில்லை கிடைக்கும். அதையே அச்சடித்தால் "கடித்த காசு" வரும். இது உண்மையான பிழை. ஆனால் அரம் வைத்து இதே மாதிரி ராவிவிடலாமே? ராவலாம். அங்கேதான் வித்தியாசம் தெரியும். உண்மையான வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பு பெரும்பாலும் மங்கலாக, மேடு எழாமல் இருக்கும். ஓரம் நெருக்கும் இயந்திரத்தில் ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைத்திருக்காது. சேகரிப்பவர்கள் இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்டுக்குப் பக்கத்து எழுத்துகளும் ஓரத்தை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும். அரத்தால் ராவிய காசில் எழுத்து கடைசி வரை கூர்மையாக வந்து திடீரென்று அறுந்து நிற்கும். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் இதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

வில்லை அச்சுக்கு நடுவில் உட்காராவிட்டால் படம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறும் தகடாக நிற்கும். வளையம் மேலே வராவிட்டால் காசு தட்டையாகி வழக்கத்தைவிட அகலமாகிவிடும். அடித்த காசு ஒன்று வெளியே வராமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் ஒரு பக்கம் நேர்ப்படமும் மறுபக்கம் அதே படம் கண்ணாடியில் பார்த்தது போலப் பள்ளமாகவும் விழும். வட இந்திய நாணயச் சந்தையில் இதை "லக்கி" என்பார்கள். இந்த லக்கிக்கு நல்ல கிராக்கி உண்டு. அதனாலேயே போலிகளும் உண்டு. இரண்டு காசுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வைஸில் முறுக்கினால் ஒன்றின் படம் மற்றொன்றில் தலைகீழாகப் பதியும். ஆனால் அப்படிப் பதியும்போது ஏற்கெனவே இருந்த படம் நசுங்கிப் போகும், முழுதாக அழியாது. உண்மையான லக்கியில் அந்தப் பக்கத்தில் பழைய படம் இருந்த சுவடே இருக்காது, ஏனென்றால் அங்கே படம் அடிக்கப்படவே இல்லை.

ஸ்கேனரை எடுங்கள்

பிரிண்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனரே போதும். கண்ணாடி கீறாமல் இருக்க, மேலே ஒரு மெல்லிய ஓ.எச்.பி. ஷீட் போடுங்கள். காசைத் தேய்த்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள். மேலே கறுப்புத் துணி போர்த்துங்கள். ரெசல்யூஷனை 1200 டி.பி.ஐ.க்கு மாற்றுங்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரூபாய் காசு அப்போது சுமார் 1,180 பிக்சல் அகலத்தில் மானிட்டரை அடைத்துக்கொண்டு நிற்கும். பூதக்கண்ணாடியில் தெரியாதது எல்லாம் தெரியும்.

கூடவே விட்டத்தையும் அளந்துவிடலாம். பெயிண்டிலோ இர்பான்வியூவிலோ காசை ஓரம் ஓரமாகச் செலக்ட் செய்தால் எத்தனை பிக்சல் என்று கீழே காட்டும். அதை 25.4-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் வரும். வளையம் இல்லாமல் அகன்றுபோன காசா என்று இதிலேயே பிடிபடும். இரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும் அகலமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் சிங்கமும் சேர்ந்தே வழுக்கையாகியிருக்கும்.

முக்கியமான பரிசோதனை இனிதான். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி அடிக்கும். அதனால் மேடான இடத்துக்கு ஒரு பக்கம் நிழல் விழும். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழும். படத்தில் முதலில் ஆண்டு எண்ணைப் பாருங்கள். அது மேடு என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும். அதன் நிழல் எந்தப் பக்கம்? இப்போது சந்தேகமான கோட்டைப் பாருங்கள். அதன் நிழலும் அதே பக்கம் என்றால் கோடு மேடு. எதிர்ப்பக்கம் என்றால் பள்ளம். ஒரே ஸ்கேனில் முடிவு செய்யாதீர்கள். காசைக் கால் வட்டம் திருப்பி வைத்து இன்னொரு ஸ்கேன் எடுங்கள். ஒரு திசையில் மறைந்திருக்கும் கோடு மறு திசையில் பளிச்சென்று தெரியும்.

மேடான கோடு என்றால் சந்தோஷப்படலாம். அச்சில் விரிசல் விழுந்து, அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறியிருக்கிறது. வெளியில் வந்த காசின் மேல் அப்படி உலோகத்தை எழுப்புவது எளிதில்லை. பள்ளமான கோடு என்றால் சாவி, ஆணி, சிமெண்ட் தரை, பையன் விளையாடிய காம்பஸ் என்று யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். சின்ன விரிசலுக்குப் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளக் கோட்டிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கும். அடிக்கும் நேரத்தில் அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே துடைக்கும் துணியிலிருந்து ஒரு நூல் இழை மாட்டிக்கொண்டால், அந்த நூலின் தடம் காசில் பள்ளமாகப் பதிந்துவிடும். இது நாணயச்சாலைப் பிழைதான். கீறலிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? கீறினால் உலோகம் இரு கரையிலும் ஒதுங்கி முண்டு கட்டும், ஏர் உழுத சால் போல. நூல் தடத்தில் கரை முண்டு இருக்காது. அடிப்பாகம் சீராக, வளைந்து நெளிந்து போகும். நல்ல படம் கிடைத்தால் முறுக்குகூடத் தெரியும். விசைத்தறி ஊரில் பிறந்தவர்கள் நூலின் முறுக்கை அடையாளம் காணத் தவறுவார்களா?

கம்ப்யூட்டரே உண்டாக்கும் பிழை

எழுத்து இரண்டாகத் தெரியும் காசுதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் 1955-ல் வெளிவந்த லிங்கன் ஒரு சென்ட் காசில் எழுத்துகளும் ஆண்டும் அப்பட்டமாக இரட்டையாக இருந்தன. அச்சைத் தயாரிக்கும்போதே படம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்துவிட்டதால் அப்படி ஆனது. இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போய்விட்டதாகச் சொல்வார்கள். இன்றும் அதற்கு நல்ல விலை. அந்தப் படத்தை நெட்டில் பார்த்தவர்கள் தங்கள் காசிலும் அதையே தேடுகிறார்கள்.

பெரும்பாலும் கிடைப்பது வேறு. அடித்து முடித்த அச்சு விலகும்போது லேசாக ஆடினால், எழுத்தின் ஒரு ஓரத்தை மழித்து படிக்கட்டு போலத் தட்டையாக்கிவிடும். அப்போது எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆனால் அசல் எழுத்து அந்த அளவு மெலிந்திருக்கும். இதற்கு சேகரிப்பாளரிடம் மதிப்பு கிடையாது. உண்மையான இரட்டை அச்சில் இரண்டு எழுத்துகளும் உருண்டு, ஒரே தடிமனில், மூலைகளில் பிளவோடு நிற்கும்.

மூன்றாவது வகையைப் பற்றி நாணயப் புத்தகங்கள் பேசுவதில்லை. நம் பத்திரிகை பேசியே ஆக வேண்டும். படத்தை ஜேபெக் பைலாக, தரத்தைக் குறைத்து சேவ் செய்தால், எழுத்துகளின் ஓரத்தில் பொடிப்பொடியாக நிழல்கள் உண்டாகும். செல்போன் கேமராக்கள் படத்தைத் தாங்களாகவே கூர்மையாக்கி, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடும். அந்தப் படம் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகப் போக மேலும் சுருங்கும். கடைசியில் உங்கள் மானிட்டருக்கு வரும்போது எழுத்து இரட்டையாகவே நிற்கும். காசில் ஒன்றும் இருக்காது. பிழை படத்தில் இருக்கிறது. அதனால் ஸ்கேன் செய்ததை பி.என்.ஜி. அல்லது டிஃப் பைலாக மட்டும் சேவ் செய்யுங்கள். இன்னொருவர் விற்கும் காசின் படத்தைப் பார்த்து இரட்டை எழுத்து என்று நம்பி பணம் அனுப்பாதீர்கள்.

அமெரிக்கத் தளங்களைப் படித்துவிட்டு வரும் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்த நாட்டுக் காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் மறுபக்கம் நேராக இருக்கும். நம் காசைப் புத்தகத்தின் பக்கம் போல இடமிருந்து வலமாகத் திருப்ப வேண்டும். இது தெரியாதவர்கள் நம் காசு எல்லாமே தலைகீழ் அச்சு என்று எண்ணிவிடுகிறார்கள். தலைகீழ் அச்சு என்று ஒரு பிழை உண்டு, அது அச்சு கழன்று சுழன்றால் வருவது. ஆனால் ஐந்து பத்து டிகிரி சாய்ந்திருப்பதெல்லாம் சகஜம்.

தராசும் காந்தமும்

ஸ்கேனர் சொல்லாததை நகைக்கடைத் தராசு சொல்லும். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011 முதல் வந்த சிறியது 3.79 கிராம். பதினொரு மூலை கொண்ட பழைய இரண்டு ரூபாய் 6 கிராம். தடிமனான பழைய செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம். பத்து ரூபாய் 7.71 கிராம். எஃகுக் காசு காந்தத்தில் ஒட்டும், செம்பு-நிக்கல் ஒட்டாது. இரண்டு ரூபாய்ப் படம் ஒரு ரூபாய் எஃகு வில்லையில் விழுந்திருந்தால் எடை 4.85-ஐ ஒட்டி இருக்க வேண்டும், காந்தமும் பிடிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அது உண்மையிலேயே பெரிய விஷயம். பொருந்தாவிட்டால் பேச்சை விட்டுவிடலாம்.

எடை குறைந்த காசு என்றாலே "மெல்லிய வில்லைப் பிழை" என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் அதைச் சொல்லும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும். சாயப்பட்டறை உள்ள ஊர் இது. காஸ்டிக் சோடாவில் அலுமினியம் கரையும். ஆறு மூலை கொண்ட பழைய அலுமினிய இருபது பைசா 2.2 கிராம் இருக்க வேண்டும். காஸ்டிக் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் இரண்டு பக்கமும் சீராகக் கரைந்து, மெலிந்து, எழுத்துகள் குழைந்து, அச்சு சரியாக விழாத காசு போலவே வெளியே வரும். பார்த்தால் தட்டியது, ராவியது என்று எந்தத் தழும்பும் இருக்காது. ஒரே அடையாளம், மேற்பரப்பு சர்க்கரை தூவியது போல மங்கி, சொரசொரப்பாக இருக்கும். நாணயச்சாலையில் மெல்லிய தகட்டில் அடித்த காசுக்கு அந்தப் பளபளப்பு ஓரளவாவது மிஞ்சியிருக்கும். எழுத்து மங்கலாக இருந்தாலும் தரை வழுவழுப்பாக இருக்கும்.

காவிரியைத் தாண்டினால் பவானி கூடுதுறை. ஆடிப் பதினெட்டுக்கும் அமாவாசைக்கும் ஆற்றில் போட்ட காசுகள் எத்தனையோ. அவற்றில் சில தேடி எடுக்கப்பட்டு மறுபடி புழக்கத்துக்கு வருகின்றன. ஆண்டுக்கணக்கில் மணலில் உருண்ட காசு கறுத்து, குழி விழுந்து, ஓரம் தேய்ந்து இருக்கும். அதையும் "கறுப்பு வில்லை, அபூர்வம்" என்று விற்கப் பார்க்கிறார்கள். ஆற்று மணல் செய்த வேலை அது. தறியின் கால் சமமாக நிற்க அடியில் சொருகிய காசு, வாஷருக்குப் பதிலாக ஓட்டை போட்ட காசு என்று எங்கள் ஊரிலேயே ஒரு சேத அருங்காட்சியகம் வைக்கலாம்.

சேதம் என்றாலே மதிப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அந்த வெட்டைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எழுதுகிறார்கள். அது வேறு கதை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசுகளுக்கும், மண்ணில் கிடைத்தவற்றுக்கும் தனிச் சட்டங்களே உண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு யாரும் சல்லடையோடு கிளம்பிவிட வேண்டாம். கையால் அடித்த அந்தக் காலக் காசுகளில் படம் ஒதுங்கி இருப்பது இயல்பு, அதையும் பிழை என்று சொல்லாதீர்கள்.

பத்து ரூபாய் படும் பாடு

வகையைப் பிழை என்றும், பிழையைப் போலி என்றும் குழப்பினால் என்ன நஷ்டம் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். ரூபாய்க் குறியீடு 2010-ல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் அடித்த பத்து ரூபாயில் அது எப்படி இருக்கும்? ஆனால் குறியீடு இல்லாதது போலி, பதினைந்து இதழ் உள்ளது போலி, பத்து இதழ் உள்ளதுதான் நிஜம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பல கடைகளும் பஸ்களும் பத்து ரூபாய் காசையே வாங்க மறுத்தன. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் மறுப்பு நிற்கவில்லை. 2022-ல் தர்மபுரிப் பக்கத்துக்காரர் ஒருவர் சேர்த்து வைத்த பத்து ரூபாய் காசுகளைக் கொண்டு சேலத்தில் காரே வாங்கிக் காட்டினார். காசை ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் இது.

இந்தக் காசில் ஏமாற்றுவேலையும் சுலபம். நடு வட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டு "இரட்டைத் தலைகீழ்" என்று விற்பார்கள். 1200 டி.பி.ஐ.யில் இரண்டு உலோகமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரே அடியில் இறுகிய கோடு தெரிய வேண்டும். சுத்தியல் பட்ட நசுங்கலும் இடைவெளியும் தெரிந்தால் அது யாரோ ஒருவரின் கைவேலை.

லட்சம் யாருக்குக் கிடைக்கிறது?

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டில் தார் சுற்றுகிற ஒரு அம்மா இருக்கிறார். மகன் புது லேப்டாப் வாங்கியிருந்தான். 2012-ல் வந்த வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய் ஒன்று அவரிடம் இருந்தது. "தம்பி, இதுல அம்மன் கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. இது பிழைக் காசுதானுங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு இணைய விளம்பரத்தில் போன் நம்பரைப் பதிந்து, "பதிவுக் கட்டணம்" என்று 1,550 ரூபாய் அனுப்பியாகிவிட்டது. அடுத்ததாக ஜி.எஸ்.டி. என்று எட்டாயிரம் கேட்டு, ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. ஒரு வாரம் தார் சுற்றினாலும் சேராத பணம் அது. காசை ஸ்கேன் செய்தோம். கண் ஒன்றுதான். இரண்டாகத் தெரிந்தது போன் கேமராவின் வேலை. எட்டாயிரம் தப்பியது, 1,550 போனது போனதுதான்.

அந்தக் காசு வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் 25-ம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட நினைவு நாணயம். அது பிழைக் காசு அல்ல. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ல் ஓர் அறிக்கை விட்டது. பழைய நோட்டு, காசு வாங்குவது விற்பதில் தங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அதில் தெளிவாகச் சொன்னது. வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அவர் வாங்க வரவில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

"விலை என்பது வாங்குகிறவர் இஷ்டம், நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தடுக்கவில்லை. கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் வித்தியாசம் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பத்து லட்சம் என்று யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடலாம், ஐந்து நிமிட வேலை. ஈபே போன்ற தளத்தில் "விற்றுப்போனவை" என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் எந்தக் காசு என்ன விலைக்குப் போனது என்று தங்கள் பட்டியலில் போடுகின்றன. அதைப் பாருங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரிட்டனில் 2008-ல் காசு வடிவங்களை மாற்றினார்கள். இருபது பென்ஸில் ஆண்டு எண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தினார்கள். புதிய அச்சு ஒன்றோடு பழைய அச்சு ஒன்றைத் தவறிச் சேர்த்து அடித்ததில், இரண்டு பக்கமும் ஆண்டே இல்லாத காசு வெளியே போனது. முந்நூறு ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. நாணயச்சாலையே பிழையை ஒப்புக்கொண்டு, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்றது. உலகம் முழுக்கச் செய்தியான அந்தக் காசுக்கே இன்று கிடைப்பது சில பத்து பவுண்டுகள். உங்கள் அஞ்சறைப் பெட்டிக் காசுக்குப் பத்து லட்சம் தருகிறேன் என்பவரை எந்த இடத்தில் வைப்பது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. "எரர்" என்று தலைப்புப் போடுகிறவர் இரண்டு பக்கப் படம், விளிம்பின் படம், எடை, விட்டம் ஆகியவற்றையும் போட வேண்டும். அந்த ஐந்தும் இல்லாத விளம்பரத்தை நான் படிப்பதில்லை. நீங்களும் படிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஸ்கேன் செய்யப் போகிறோமே என்று காசைப் புளி போட்டோ, விபூதி போட்டோ, பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டோ துலக்காதீர்கள். நல்ல பிழைக் காசைக்கூட அரை நிமிடத்தில் சேதக் காசாக்கிவிடும் வேலை அது. அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

குமாரபாளையம், பள்ளிபாளையம், பவானி பக்கத்து வாசகர்கள் யாரிடமாவது நூல் தடம் விழுந்த காசு இருந்தால், 1200 டி.பி.ஐ.யில் கால் வட்டம் திருப்பி இரண்டு ஸ்கேன் எடுத்து, எடையைக் குறித்து, பி.என்.ஜி. பைலாக ஆசிரியருக்கு அனுப்புங்கள். என்ன விலை போகும் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த நூல் எத்தனை புரி என்று வேண்டுமானால் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.